முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று

சித்திரை பிறந்துவிட்டால் துளசிமணியின் கம்ப்யூட்டர் மதியம் இரண்டரை மணிக்குத் தானாக அணைந்துபோகும் என்பது கல்லூத்துப்பாளையத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, பால் சொசைட்டிக்காரர் அதை வைத்துத்தான் கடிகாரத்தைத் திருத்துவார், தறிக்குடோன் ஆட்கள் அதைக் கேட்டுத்தான் டீக்குக் கிளம்புவார்கள், பட்டா நகலுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டு இருபத்தைந்துக்கே எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்கள், ஏனென்றால் திரை கறுத்த மறுநிமிடம் துளசிமணி கத்த ஆரம்பிப்பாள். முதலில் வெயிலைத் திட்டுவாள், பிறகு கம்ப்யூட்டரைச் செய்தவனை, பிறகு அதை வாங்கி வைத்துவிட்டு லாரியோடு போய்ச் சேர்ந்துவிட்ட தன் புருஷன் கிட்டுசாமியை, கடைசியாக, குறுக்கே யார் வந்தாலும் அவர்களை. நாங்கள் கோபித்துக்கொள்வதில்லை. எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்ததும், பள்ளிக்கூடத்துக்கு எதிரே வேகத்தடை வந்ததும், இரண்டு வருஷம் நின்றுபோயிருந்த முதியோர் பென்ஷன் ஒரே வாரத்தில் திரும்பி வந்ததும் அந்தக் கோபத்தால்தான். மனுவை அவளே அடித்து, அவளே எடுத்துக்கொண்டு போய், மேஜை மேல் வைத்துவிட்டு நின்றாளென்றால் எதிரில் இருக்கிற அதிகாரி கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை மூச்சு விடமாட்டார்.

கடை என்பது அவள் வீட்டின் முன்னறைதான். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு பெஞ்சு. போன வருஷம் சித்திரையில் கம்ப்யூட்டர் இரண்டரை மணி வரைகூடத் தாங்காமல் பதினொன்றுக்கே அணையத் தொடங்கியபோது, பல்லடத்திலிருந்து பீர்முகமது பாய் தன் மொபெட்டில் வந்து சேர்ந்தார். ஒல்லியான, நிதானமான ஆள். வந்தவர் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்க்கவில்லை. கீழே குந்தி உட்கார்ந்து டப்பாவின் முகத்தை டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இதுக்குச் சந்தனம் பூசுனது ஆருங்க்கா?"

"நாந்தான். ஆயுத பூசைக்குப் பூசாம? வருசா வருசம் பூசறதுதான்."

"ஒம்போது வருசத்துச் சந்தனம் இருக்குதுங்க. மேல குங்குமம் வேற. அது மூச்சு வாங்கற ஓட்டை பூராத்தையும் அடைச்சுப்போட்டு, வேகுது வேகுதுன்னா அது என்னங்க்கா பண்ணும்?"

சாமிக்குப் பூசியதைச் சுரண்டலாமா என்று துளசிமணி யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாய் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சந்தனத்தைத் தேய்த்து எடுத்து, அதைக் கீழே சிந்தாமல் ஒரு காகிதத்தில் மடித்து, மரியாதையாக அவள் கையில் கொடுத்தார். பிறகு பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளே பூனைக்குட்டி அளவுக்குத் தூசி சுருண்டு கிடந்தது. துளசிமணியின் மகள் கார்குழலி, அப்போது பிளஸ் டூ போகப்போகிறவள், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாய் ஊதி, துடைத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த வயர்களைச் சேர்த்துப் பின்பக்கமாகக் கட்டி, பிராசசருக்கு மேல் காய்ந்துபோயிருந்த பசையை வழித்துவிட்டுப் புதுப்பசை வைத்து, புதிதாக மூன்று ஃபேன்களை எடுத்தார்.

"பாப்பா, இந்தச் சட்டத்துல அம்புக்குறி இருக்குது பாத்தியா? காத்து அங்கதான் போகும். முன்னால ரெண்டு, அது குளிர்ச்சிய உள்ள இழுக்கும். பின்னால மேல ஒண்ணு, அது சூட்டை வெளிய தள்ளும். முன்னுக்க வந்தது பின்னுக்கப் போயிட்டே இருக்கோணும். உள்ள நின்னுச்சுன்னா அதான் வெசனம்."

பின்னால் சுவர் ஒட்டி இருந்ததால், தள்ளுகிற சூடு முட்டித் திரும்பும் என்று சொல்லி, மேஜையைத் தள்ளிப் போட்டு, சுவரில் ஒரு வட்டத் துவாரம் போட்டு, அதை நேராகப் பின்சந்துக்குத் திறந்துவிட்டார். டப்பா மேல் எப்போதும் போர்த்தியிருந்த துண்டையும் எடுத்துக் கொடியில் போட்டார். அன்றைக்கு இரண்டரை மணிக்கு எங்கள் ஊரே காத்திருந்தது. கம்ப்யூட்டர் அணையவில்லை. தறிக்குடோன் ஆட்கள் டீக்குப் போகாமல் வேலை பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாம் நாள் கைக்குழந்தைக்காரி ஒருத்தி பிறப்புச் சான்றிதழில் பெயரைத் திருத்த வந்து, காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு டப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் பெயர் திருத்தி முடிவதற்குள் பிள்ளையின் காய்ச்சல் இறங்கி, அது சிரித்துக்கொண்டு மவுசைப் பிடித்து இழுத்தது. அதற்கடுத்த நாள் வரப்புத் தகராறில் பதினோரு வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒருவர் மேல் ஒருவர் புகார் அடிக்க வந்து, வேறு இடமில்லாமல் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, முறை வருவதற்குள் எதற்கு வந்தோம் என்பதையே விட்டுவிட்டு ஒரே வண்டியில் திரும்பிப் போனார்கள். அந்த டப்பா தன் சூட்டை மட்டும் தள்ளவில்லை, எதிரே உட்கார்ந்தவர்களின் சூட்டையும் சேர்த்து இழுத்துப் பின்னால் தள்ளுகிறது என்பது ஒரு வாரத்தில் எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. பாயிடம் கேட்டோம். "நான் வெச்சது மூணு ஃபேனுங்க. அது எதையெதை இழுக்குதுன்னு நான் பாக்கலீங்க" என்றார். அதற்கு மேல் அவரைக் கேட்க ஒன்றுமில்லை.

நாங்கள் அதிசயத்தைப் பார்த்து வாய் பிளக்கிற ஊர் அல்ல, அதற்கு என்ன முறை வைக்கலாம் என்று பார்க்கிற ஊர். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று பலகை எழுதி மாட்டினோம். காய்ச்சல்காரர்களுக்குக் காலையில், குடும்பத் தகராறுக்கு மதியத்தில், பரீட்சைப் பயத்துக்கும் பொதுப் பிரச்சினைக்கும் சாயங்காலத்தில் என்று நேரம் பிரித்தோம். கல்யாண வீட்டார் மாப்பிள்ளையின் தாய்மாமனைச் சாப்பாட்டுப் பந்திக்கு முன்பாக அங்கே ஒரு நடை கூட்டிக்கொண்டு வந்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று. அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனத்தை எங்கே பூசுவது என்று ஒரு பேச்சு வந்தது, பூசாரி யோசித்து, மேஜைக் காலில் பூசினாலும் சாமிக்குச் சேரும் என்று தீர்ப்புச் சொன்னார், அதையும் ஏற்றுக்கொண்டோம்.

பின்சந்தில் சாயப்பட்டறை குப்பண்ணன் போர்வை நூலைச் சாயம் தோய்த்துக் காயப்போடுவார். சுவரிலிருந்து வந்த அந்த வெக்கைக்கு, அடைமழைக் காலத்திலும் நூல் ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்தது. அவர் சந்தோஷப்பட்டார். அந்த நூலில் நெய்த போர்வைகளைக் குளிர் ஊர்க்காரர்கள் விரும்பி வாங்கினார்கள், ஆனால் அதைப் போர்த்திப் படுத்த புருஷன் பெண்டாட்டிகள் நடு ஜாமத்தில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வரப்பைப் பற்றிச் சண்டை போட்டார்கள் என்று லாரிக்காரர்கள் வந்து சொன்னார்கள். எங்கள் சண்டை எங்கேயோ நடக்கிறது என்று நாங்கள் சிரித்தோம். சிரித்ததற்கு இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேற்குத் தெருச் சாக்கடை உடைந்து எட்டு மாதம் வீதியில் ஓடியது. மனு எழுதலாம் என்று துளசிமணியின் கடைக்கு ஆள் மாற்றி ஆள் போனோம். பெஞ்சில் உட்கார்ந்து பொருள் என்ற வார்த்தைக்கு எதிரே சாக்கடை என்று சொல்லி முடிப்பதற்குள் எங்களுக்கு மனசு ஆறிவிடும், பாவம், அதிகாரிகளுக்கும் எத்தனையோ வேலை இருக்கும் என்று தோன்றும், அவர்களின் நலம் விசாரித்து இரண்டு வரி அடிக்கச் சொல்லிவிட்டு, சேற்றைத் தாண்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம்.

எங்களுக்கு ஐந்து நிமிடம். துளசிமணி காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரை அதற்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். இதை நாங்கள் ஒருவரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கத்துவதை நிறுத்தியதும், "இப்பத்தான் துளசிமணிக்குப் பக்குவம் வந்திருக்குது" என்று பெருமையாகப் பேசிக்கொண்டோம். எதைச் சொன்னாலும் "செரிங்க" என்றாள். காப்பி ஆறிப்போயிருந்தாலும் செரி, ஆடு உள்ளே வந்து சான்றிதழைத் தின்றாலும் செரி. கிட்டுசாமியின் திதிக்கு, யாரோ அடுத்த தெரு ஆளுக்குப் படையல் வைப்பதுபோல் வைத்துவிட்டு வந்து டைப் அடிக்க உட்கார்ந்தாள்.

கார்குழலிக்குத்தான் தெரிந்தது. தலைக்கு எண்ணெய் வைக்க வரும் அம்மாவின் கை, பானைத் தண்ணீரில் நனைத்து எடுத்ததுபோல் சில்லென்றிருந்தது. பிளஸ் டூவில் அவள்தான் ஊரிலேயே முதல் மார்க். ஓடி வந்து திரையில் காட்டினாள். துளசிமணி பார்த்தாள். "செரி கண்ணு. அந்த ஜெராக்ஸ எடுத்துக் குடு" என்றாள். அன்றைக்குக் குழலி சமையலறையில் போய் உட்கார்ந்து அழுததை நாங்கள் எல்லோரும் சந்தோஷ அழுகை என்று நினைத்தோம்.

சென்னையில் படிக்க அவளுக்கு ஆசை. கம்ப்யூட்டரில் எந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசைப்படுத்தி, ஒரு குறிப்பிட்ட நாள் மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும், அந்த உறுதி எண் அம்மாவின் போனுக்குத்தான் வரும். ஆனி மாதம் இருபதாம் தேதிவாக்கில், கிட்டுசாமியின் அண்ணன் நாச்சிமுத்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நம்ம கோழிப்பண்ணைக்காரர் பையனுக்குக் கேக்கறாங்கம்மா. புள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்சுபோச்சு. ஆடி பொறந்துட்டா நல்ல காரியம் ஆகாது. அதுக்குள்ள உப்புச்சர்க்கரை மாத்திக்கலாம்னு இருக்கறேன். நீ என்ன சொல்றே?"

எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் கை மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது, அதற்கு மேல் மாற்றிப் பேசுகிறவர்கள் இல்லை. இரண்டு வருஷம் முன்னால் இதே நாச்சிமுத்து, பொட்டப் பிள்ளைக்கு எதற்குச் சைக்கிள் என்று கேட்டுவிட்டு, ஒரு செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு ஓடியவர். இப்போது துளசிமணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "செரிங்க மாமா. நீங்க பாத்துச் செய்ங்க" என்றாள்.

உப்புச்சர்க்கரைக்குக் குறித்த நாளைக் குழலி பார்த்தாள். ஆனி முப்பது, மாலை நாலரை. கல்லூரியை உறுதி செய்யக் கடைசி நாளும் அதுதான். "அம்மா, நான் படிக்கப் போறேம்மா" என்றாள். "செரி" என்றாள் துளசிமணி. "அப்ப கல்யாணம் வேண்டாம்னு சொல்லும்மா." "அதுவும் செரிதான். பெரியப்பா வருத்தப்படுவாரு." அதற்கு மேல் அந்த முகத்தில் தேடிப் பார்க்க ஒன்றும் இல்லை. போனை எடுத்து எண்ணைத் தானே போட்டு உறுதி செய்துவிடலாம், அது குழலிக்குத் தெரியாததல்ல. ஆனால் தாலி கட்ட ஆள் வந்து நிற்கும்போது வாசலை மறித்து நிற்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான். குழலி பாய்க்குப் போன் போட்டாள்.

"மூணு ஃபேனையும் திருப்பிப் போட்டா என்னாகும் பாய்?"

"பின்னால இருக்கறது முன்னால வரும். மிசின் தாங்காது பாப்பா."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"அரைமணி நேரம். அதுக்கு மேல நான் பொறுப்பில்லை" என்றவர், வைப்பதற்கு முன், "ஸ்க்ரூவ ரொம்ப முறுக்கீராத, சட்டம் விட்டுப்போயிரும்" என்றார்.

ஆனி முப்பது மதியம் துளசிமணி குளித்துச் சேலை மாற்றப் போன நேரத்தில், குழலி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினாள். ஃபேனுக்கு நாலு ஸ்க்ரூ, மொத்தம் பன்னிரண்டு. அம்புக்குறியைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். உள்ளே விழுந்த ஒரு ஸ்க்ரூவைக் காந்தம் வைத்து எடுத்தாள்.

நாலரைக்கு வந்தார்கள். வீட்டுக்குள் புழுக்கம் என்று சொல்லி, ஊரிலேயே குளிர்ச்சியான இடமான கடையிலேயே ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். தட்டில் உப்பு ஒரு கிண்ணம், சர்க்கரை ஒரு கிண்ணம், வெற்றிலை, தேங்காய். பேச்சுக்குச் சாட்சியாக நாங்களும் ஏழெட்டுப் பேர் இருந்தோம். நாச்சிமுத்து துண்டால் விசிறிக்கொண்டு, "ஏன் அம்மிணி, கம்ப்யூட்டரப் போடு, புழுங்குது" என்று அவர் வாயாலேயே சொன்னார். குழலி போட்டாள்.

முதலில் சாய வாசம் வந்தது. பிறகு காய்ந்த நூலின் வாசம். பிறகு, பதினைந்து மாதமாக நாங்கள் பின்சந்துக்குத் தள்ளிவிட்டதெல்லாம், கொடியில் தொங்கிய நூலிலிருந்தும் சுவரிலிருந்தும் மண்ணிலிருந்தும் கிளம்பி அந்தத் துவாரத்தின் வழியாக உள்ளே வந்தது. கோழிப்பண்ணைக்காரர் சட்டையின் முதல் பட்டனைக் கழற்றினார். நாச்சிமுத்து, உப்பை ஏன் பிளாஸ்டிக் கிண்ணத்தில் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார், வெள்ளிக் கிண்ணத்தைக் கண்டவர்போல் பேச வேண்டாம் என்று பண்ணைக்காரர் திருப்பிச் சொன்னார், சாட்சிக்கு வந்த நாங்கள் எங்களுக்குள் வரப்பைப் பற்றியும் சாக்கடையைப் பற்றியும் குரலை உயர்த்த ஆரம்பித்தோம்.

எல்லோரையும்விடப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் துளசிமணி. கையில் உப்புக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியில் வியர்வை துளிர்த்தது, கழுத்து சிவந்தது. கிண்ணத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இது என்னதுங்?"

"உப்பும்மா" என்றார் நாச்சிமுத்து.

"ஆருக்கு?"

"நம்ம குழலிக்குத்தான். வேறாருக்கு?"

வீசி எறிவாள் என்று நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். அவள் எறியவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கிட்டுசாமியின் பேரைச் சொல்லி அழுதாள், முந்தின திதிக்கு அழ வேண்டியதையும் சேர்த்து அழுதாள், மகளின் மார்க்குக்கும் அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மாமா, எந்திரிங்க."

"ஏம்மா, நீதானே செரீன்னு சொன்னே? இத்தன பேருக்கு முன்னால..."

"சொன்னப்ப நான் வூட்ல இல்லீங்க மாமா. இப்பத்தான் வந்தேன். எம்புள்ள படிக்கப் போறா. எந்திரிங்க, உப்ப எடுத்துட்டுக் கெளம்புங்க."

உப்பு கை மாறவில்லை, அதனால் ஒருவராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நாலே ஐம்பதுக்கு அவள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். டப்பா கீச்சென்று கத்தத் தொடங்கியிருந்தது. கீபோர்டு கொதித்தது, அவள் விரலை ஊதி ஊதி அடித்தாள். அடித்துக்கொண்டே மகளைத் திட்டினாள்.

"ஃபேனத் திருப்பிப் போடத் தெரியுது, இத வாயத் தொறந்து எங்கிட்டச் சொல்லத் தெரியலயாடி உனக்கு?"

"சொன்னேம்மா" என்றாள் குழலி. "எத்தனையோ தடவ சொன்னேன். ஒவ்வொரு தடவையும் செரீன்னே."

துளசிமணியின் விரல் ஒரு நொடி நின்றது. அவள் திரும்பி மகளின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு போனில் வந்த எண்ணைப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்தாள். நாலு ஐம்பத்தாறுக்குத் திரையில் உறுதி செய்யப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது, அதை நாங்கள் எல்லோரும் படித்தோம். மறுநிமிடம் டப்பாவுக்குள் ஏதோ வெடித்து, ஒரு கீற்றுப் புகை வந்து, அது நிரந்தரமாக அணைந்தது.

பாய் வந்து பார்த்து, போர்டே போய்விட்டது என்று சொல்லி, புதிதாக ஒன்று பூட்டிக் கொடுத்தார். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. கம்ப்யூட்டர் குளுகுளுவென்று ஓடுகிறது, ஆனால் அது தன் சூட்டைத் தவிர யாருடைய சூட்டையும் தொடுவதில்லை. எங்கள் காய்ச்சல் எங்களிடமே இருக்கிறது, அண்ணன் தம்பி மறுபடி பேசுவதில்லை. பழைய டப்பாவை எப்படியாவது சரிசெய்து தரக்கூடாதா என்று கேட்கப் போன என்னையும் இன்னும் மூன்று பேரையும் பெஞ்சில் உட்காரவைத்து, துளசிமணி சாக்கடைக்கு மனு எழுத வைத்தாள், கையெழுத்துப் போடும்வரை எழவிடவில்லை. பத்தாம் நாள் சாக்கடை உடைப்பை அடைத்துவிட்டார்கள்.

குழலி சென்னைக்குக் கிளம்பிய அன்று பஸ் நிறுத்தத்தில் பாதி ஊர் நின்றோம். துளசிமணி பெட்டியை மேலே போட்ட கண்டக்டரைத் திட்டினாள், பஸ் பத்து நிமிடம் லேட் என்று டிரைவரைத் திட்டினாள், வழியனுப்ப வெறுங்கையோடு வந்திருந்த நாச்சிமுத்துவைத் திட்டினாள், ஜன்னலில் தலையை நீட்டிய மகளைப் பார்த்து, "போய் எறங்குன ஒடனே போன் வர்லீன்னா அங்கயே வந்து காலை முறிச்சுப்போடுவேன், கேட்டுச்சா? மதியத்துல சாப்பிடாம இருந்தீன்னா எனக்குத் தெரிஞ்சுபோயிரும், கேட்டுச்சாடி?" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "கேட்டுச்சும்மா" என்று குழலி அழுதுகொண்டே சிரித்தாள். பஸ் வளைவில் திரும்பிக் கண்ணுக்கு மறைந்த பிறகும் துளசிமணி ரோட்டில் நின்று திட்டிக்கொண்டேதான் இருந்தாள், எங்களில் ஒருவரும் அவளைச் சமாதானப்படுத்தப் போகவில்லை.